ஒட்டுத்துணி

தப்பு முழுக்கத் தராசு சார் பேரில்தான். அதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். இருபத்துமூன்று பிள்ளைகள் கண்ணால் பார்த்திருந்ததால் வேறு வழியும் இல்லை. கண்ணாடிச் சாமான்களை எப்படிப் பத்திரமாகக் கையாள வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர், பேச்சுக்கு அழுத்தம் கொடுக்கக் கையை வீசினார். கை போய்க் குடுவையைத் தட்டியது. குடுவை மேசை விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு, இந்த மனிதரிடம் இருப்பதைவிடக் கீழே போவதே மேல் என்று முடிவு செய்ததுபோலத் தரையில் விழுந்து சிதறியது.

வகுப்பு சிரித்து ஓய நேரமானது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"பாத்தீங்கல்ல? இதுதான் செய்யக்கூடாதது."

"சார், சரியாத் தெரியல சார். இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றது கடைசி பெஞ்சு.

முதல் பெஞ்சுப் பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள். "நகருங்க சார், நான் ஒட்டிடறேன்."

அது மந்திரப் பள்ளி. மற்ற பள்ளிகளில் உடைந்ததைப் பெருக்கி அள்ளுவார்கள், இங்கே ஒட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கும். அதற்கு ஒட்டுத்துணி என்று பெயர். உடைந்த துண்டுகளைக் குவித்து, அதன்மேல் சுருக்கமில்லாமல் துணியைப் போர்த்தி, மூன்று வரி முணுமுணுத்து எடுத்தால் பொருள் முழுசாக நிற்கும். மந்திரப் பள்ளிகளிலும் அறிவியல் கட்டாயம் என்று மேலிடம் ஆணை போட்ட வருடம் வேலைக்கு வந்தவர் நம் சார். மந்திரம் அவருக்கு ஒரு வரிகூட வராது. எதைப் பார்த்தாலும் எடை போடுவார். அதனால் பிள்ளைகள் தராசு சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதை அவர் முன்னால் வந்து சொல்லச் சொன்னார். அதிலிருந்து மரியாதை கொஞ்சம் குறைந்து, பாசம் கொஞ்சம் கூடியிருந்தது.

அந்தப் பெண் துணியை எடுத்தாள். குடுவை முழுசாக நின்றது. துணி விலகிய அந்த நொடியில் ஒரு வாடை வந்து போனது. கெட்ட வாடை இல்லை. வெளியூர் போய் வந்து பெட்டியைத் திறக்கும்போது துணிகளில் ஒட்டிக்கொண்டு வருமே, இன்னொருவர் வீட்டு அலமாரியின், இன்னொருவர் வீட்டு சோப்பின் வாடை, அந்த மாதிரி.

"தேங்க்ஸ்மா," என்று ஓர் அடி எடுத்து வைத்தார். காலடியில் நறுக்கென்றது.

செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தில் கண்ணாடிச் சில் ஒன்று குத்தி நின்றது. பிறை நிலவு மாதிரி வளைந்த, குடுவையின் வாய்ப்பகுதிச் சில்.

மேசையில் இருந்த குடுவையின் வாயைத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. முழு வட்டம்.

வேறு யாராக இருந்தாலும் சில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். இவர் இரண்டையும் தராசில் வைத்தார். குடுவையின் எடையை அதன் அடியிலேயே எழுதி வைப்பது அவர் வழக்கம்: எண்பத்து நாலு புள்ளி இரண்டு கிராம். சில்லின் எடை ஒன்று புள்ளி ஒன்று. ஆக, ஒட்டிய குடுவை எண்பத்து மூன்று புள்ளி ஒன்று இருக்க வேண்டும். தராசு முள் கூச்சமே இல்லாமல் எண்பத்து நாலு புள்ளி இரண்டில் போய் நின்றது. ஒன்று புள்ளி ஒன்று கிராம் கண்ணாடி எங்கிருந்தோ வந்திருக்கிறது.

அடியில் எழுதியதைச் சரிபார்க்கக் குடுவையைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் கையெழுத்துதான். நாலைத் திறந்த வாயோடு எழுதும் அதே கிறுக்கல். ஆனால் அவர் நீலப் பென்சிலால் எழுதியிருந்தார். அது நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் சிவப்புப் பென்சிலை அவர் மகள் வாலு தூக்கிக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

குடுவையின் அடியில் எண் சிவப்பாக இருந்தது.

*

அந்தப் பள்ளியில் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை. தலைமையாசிரியையிடம் கேட்டார்.

"மந்திரத்துக்குக் காரணம் கேட்டா அது கோவிச்சுக்கும் சார்."

"கோவிச்சுக்கிட்டு என்ன மேடம் செய்யும்?"

"அதையும் கேக்கக்கூடாது."

ஒட்டு வகுப்பின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: உயிருள்ளதன் மேல் துணி போடாதே. அதற்கு என்ன காரணம் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டிருந்தார். கூடாதுன்னா கூடாது என்றார்கள். அந்த வகுப்பை எடுப்பதே அவருடைய மனைவிதான். பள்ளி முழுக்க அவளுக்கு ஒட்டு டீச்சர் என்று பெயர். உள்ளங்கையளவு துணியிலிருந்து கதவளவு துணிவரை வைத்திருப்பாள். அன்று சாயந்தரம் வீட்டில் அவளிடம் சில்லைக் காட்டினார்.

"ஒரு சில்லு வெளிய இருக்கறப்பவே குடுவை முழுசாயிடுச்சு. எப்படி?"

"கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷமா உங்க மூளையில ஒரு சில்லு வெளியதான் இருக்கு. நீங்க நடமாடல?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லேன்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாங்க?" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் எப்போதும் அப்படித்தான். அவர் கேள்வி கேட்பார், அவள் நக்கலடிப்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள், கேள்வி அப்படியே கிடக்கும். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. தாழ்வாரத்துக்கு ஒன்றாகக் கூடைகள் வைத்திருப்பார்கள். மேலே ஓர் அட்டை தொங்கும்: தானாய் உடைந்தவை. அலமாரியில் சும்மா இருக்கும் கோப்பை, யாரும் தொடாமலே, சத்தம்கூட இல்லாமல், திரும்பிப் பார்ப்பதற்குள் துண்டுகளாகிக் கிடக்கும். மந்திரம் நடமாடும் இடத்தில் அப்படித்தான் ஆகும் என்று யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கூடையில் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதை எடுத்து ஒட்டிப் பழகுவார்கள். அவ்வளவுதான்.

தராசு சார் ஒரு வாரம் கூடைகளோடு குடியிருந்தார். பெருக்குகிற அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சார், குப்பை பொறுக்கற வேலையும் உங்களுக்கே குடுத்துட்டாங்களா? அப்போ நான் போய்ப் பாடம் எடுக்கட்டா?"

"எடுங்கக்கா. என்னைவிடப் பசங்க பயப்படுவாங்க."

சிரித்துக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்து, தானாய் உடைந்த பொருள் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்தார். பாதிக்கு மேல் பொருந்தவில்லை. எதிலாவது ஒரு துண்டு குறைந்தது. யாருடைய செருப்பிலோ, யாருடைய மேசைக்கடியிலோ தங்கிவிட்ட ஒரு சில். ஒரு தட்டின் துண்டில் பல்லி நசுங்கிய கறை இருந்தது. அந்தத் தட்டு இருந்த அலமாரியில் பல்லி இருந்ததில்லை. அந்த வாரம் பள்ளியில் ஒட்டியவை முப்பத்தொன்று. தானாய் உடைந்தவையும் முப்பத்தொன்று.

மழைக்காலத்துச் சாயந்தரம். ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடையும் அணைத்த ஸ்பிரிட் விளக்கின் வாடையும் கலந்து அறை முழுக்க நின்றது. எங்கோ தொலைவில் ஒரு வகுப்பு மூன்று வரியையும் ராகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் நோட்டில் எழுதினார்: ஒட்டுவது என்று ஒன்று கிடையாது. துணிக்கடியில் இருக்கும் உடைந்தது வேறோர் இடத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் முழுசு இங்கே வருகிறது. அங்கேயும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கேயும் என் கையெழுத்தில் எடை எழுதுகிற ஒருவன் இருக்கிறான். அவனிடம் சிவப்புப் பென்சில் இருக்கிறது.

எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பாவம் அந்த ஆள். நான் கையை வீசி உடைத்ததற்கு அவன் குடுவை போயிற்று.

சிரிப்பு அந்த அறையில் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

*

ஊகத்தைச் சோதிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்தார். இந்த முறை வேண்டுமென்றே உடைத்தார். அடித்துண்டில் நீலப் பென்சிலால் 1 என்று எழுதினார். முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் துணி போர்த்தி எடுத்தாள். முழுக் கிண்ணம் நின்றது. அடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதே வாடை. இந்த முறை அந்த வாடை அவருக்கு எங்கேயோ பழகியதாக இருந்தது.

எங்கே என்று இரண்டு நாள் கழித்து வீட்டில் தெரிந்தது.

வாலு பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பத்து வயது. பூனைக்குட்டி மாதிரி எங்கேயும் ஏறுவாள்.

"அப்பா, நீ கிண்ணத்தை வேணும்னே உடைச்சியாமே? ஸ்கூல் பூரா பேச்சு."

"அது ஆராய்ச்சிடி."

"நான் உடைச்சா மட்டும் சேட்டையா?"

அவளுடைய முடி அவர் முகத்தில் விழுந்தது. அதில் அந்த வாடை. மெலிதாக, போகப்போகக் கரைவதுபோல. இன்னொருவர் வீட்டு சோப்பு.

"தலைக்கு என்னடா போட்ட?"

"எப்பவும் போடறதுதான்." அவள் குதித்து இறங்கி மாடிக்கு ஓடினாள். படியின் மேல் திருப்பத்தில் நின்று, விளக்குப் போடச் சுவரில் கையை வைத்தாள். இடப்பக்கம். வெறும் சுவரைத் தடவினாள். ஒரு நொடி. பிறகு வலப்பக்கம் எட்டி சுவிட்சைப் போட்டாள்.

அவர் அதை முன்பும் பார்த்திருந்தார்.

பத்து மாதம் முன்னால். புதுத் தராசு வாங்க மூன்று நாள் வெளியூர் போயிருந்தபோது வாலு மாடிப்படியில் வழுக்கிவிட்டாள். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்றாள் மனைவி. திரும்பி வந்து பார்த்தபோது முட்டியில் சிராய்ப்புகூட இல்லை. அன்று இரவு வாலு இடப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். "அப்பா, சுவிட்ச் இங்கதானே இருந்துச்சு?" என்றாள். தலையில் அடிபட்டுவிட்டதா என்று அவர் கிண்டல் செய்தார். சில வாரத்தில் பழகிக்கொண்டாள். பிறகு பல மாதம் கழித்து, பழகியதே மறந்ததுபோல மறுபடி தடவினாள். அப்போது கை கொஞ்சம் உயரத்தில் போனது. சேட்டை என்று நினைத்தார். அப்புறம் இன்னொரு முறை. இப்போது.

தன் வீட்டு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை ஒரு பிள்ளை எத்தனை தடவை கற்றுக்கொள்ளும்?

அந்தக் கேள்வியை அவர் நோட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட முதல் கேள்வி அது.

*

ஆறாம் நாள் மத்தியானம் கிண்ணம் உடைந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேசை நடுவில், தராசுக்குப் பக்கத்தில், கிண்ணம் கிண்ணமாக இருந்தது. கண்ணை ஒரு முறை இமைத்தார். துண்டுகள் இருந்தன. சத்தமில்லை. தூசி எழவில்லை. பல நாளாக அங்கேயே கிடப்பதுபோலத் துண்டுகள் அடக்கமாகக் கிடந்தன.

வெளியே மழை. தாழ்வாரத்தில் யாரோ ஓடும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அடித்துண்டைத் திருப்பினார்.

நீலத்தில் 1. அது அவர் எழுதியது. அதன் கீழே சிவப்பில் 2. அதன் கீழே பச்சையில் 3. பேனா மையில் 4. எல்லாம் ஒரே கையெழுத்து. நாலுக்குத் திறந்த வாய். 5 பக்கத்தில் ஒருவன் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்திருந்தான். அதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். தன்னைப் போலவே ஓர் அசடு. கிண்ணம் திடீரென உடைந்ததும், அடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும், அவனும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டு, தன் எண்ணைப் போட்டு, தன் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு அடுத்தவனுக்கு அனுப்பியிருக்கிறான். வீடு வீடாகப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்திருக்கிறது.

6. 7. 8. எண்கள் சின்னதாகிக்கொண்டே போயின. இடம் போதவில்லை.

9 பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பென்சிலை அழுத்தி எழுதியிருந்தான்.

உன் வீட்டிலும் மாடிப்படி உண்டா?

10: உண்டு.

11 எழுதியவன் கேள்வி கேட்கவில்லை. அவன் எழுதியிருந்தது இரண்டே சொல்.

அவளைக் கேள்.

துண்டைக் கவிழ்த்து வைத்தார். பதினோரு ஆய்வுக்கூடங்கள். பதினோரு பேர். உடைந்த பொருள் எங்கும் மறைவதில்லை. யாரும் எதையும் சரி செய்வதில்லை. பக்கத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவுதான் மந்திரம்.

உயிருள்ளதன் மேல் துணி போடாதே.

உயிர் போனதன் மேல் போடாதே என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். தராசு சார் எழுந்து, குடையை எடுக்காமல், அவர்களைத் தாண்டி வெளியே நடந்தார்.

"சார், இன்னைக்கு எதை உடைக்கப் போறீங்க சார்?" என்றது கடைசி பெஞ்சு.

அவர் காதில் விழவில்லை.

*

ஆசிரியர் குடியிருப்பு பள்ளிக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் முழுசாக நனைந்துவிட்டார். வாசலில் வாலுவின் செருப்பு கிடந்தது; அன்று அவளுக்கு அரை நாள்தான். கதவைத் திறந்ததும் சூடான துணி வாசனை முகத்தில் அடித்தது. மாடியிலிருந்து வாலுவின் குரல் வந்தது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு மட்டும் எப்போதும் தகராறு.

"ஓரேழு ஏழு… ஈரேழு பதினாலு…"

கூடத்தில் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேசை போதாமல் துணி இரண்டு பக்கமும் தொங்கியது. அவளிடம் இருந்ததிலேயே பெரிய துணி. கதவளவு. இல்லை, கதவளவு இல்லை. அவர் கண்ணால் அளந்தார். பழக்கதோஷம். நாலரை அடி நீளம், இரண்டடி அகலம்.

வாலு போன மாதம் சுவரில் நின்று அளந்தபோது நாலடி மூன்றங்குலம் இருந்தாள்.

"என்னங்க, இப்படி நனைஞ்சுட்டு வர்றீங்க? துவட்டிக்கங்க."

"அவ விழுந்தன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"மறுபடி ஆரம்பிச்சாச்சா? உங்களை அந்தத் தராசுல உக்கார வச்சு…" என்று தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நக்கல் பாதியில் நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"…மூவேழு இருபத்தொண்ணு… நாலேழு இருபத்தெட்டு…"

"எனக்குச் சொல்லு," என்றார். "நக்கல் வேண்டாம்மா. கெஞ்சிக் கேக்கறேன். மேல இருக்கறது யாரு?"

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு துணியை. அதில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தது. விரலால் நீவினாள்.

"நம்ம பொண்ணுதான்."

"எந்த வீட்டு நம்ம?"

"…ஐயேழு முப்பத்தஞ்சு…"

"அவ விழுந்தது ஒரு தடவைங்க," என்றாள். சத்தம் மேலே கேட்காமல், நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். "சத்தம் கேட்டு ஓடினேன். கழுத்து… நீங்க ஊர்ல இல்ல. நீங்க வந்து பாக்கறதுக்குள்ளன்னு மட்டும்தான் யோசிச்சேன். துணி போட்டேன். எடுத்தேன். எந்திரிச்சு உக்காந்து அம்மான்னு கூப்பிட்டா. அதுக்கப்புறம் எதுவும் யோசிக்கக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன்."

"ஒரு தடவைதானே?"

"விழுந்தது ஒரு தடவை. நான் துணி போட்டது நாலு தடவை."

அவருக்குப் புரிந்தது. புரியாமல் இருக்க அவர் படித்தவராக இல்லாமல் இருந்திருக்க வேண்டும். உட்கார நாற்காலியைத் தேடினார். கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்தார்.

"ஏழு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல எழுப்பப் போனேன். படுக்கைல அவ இருந்தா. முதல்ல விழுந்தாளே, அவ. அதே கழுத்து. நீங்க கீழ ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தீங்க. என்ன செய்யச் சொல்றீங்க? பெரிய துணி பீரோலயேதான் இருந்துச்சு."

"திரும்பி வந்துட்டா."

"சுத்திட்டு வந்துட்டா. அப்புறம் ரெண்டு மாசத்துல வந்தா. அப்புறம் பதினாறு நாள்ல." அவள் துணியின் ஓரத்தைத் தூக்கி மூலைக்கு மூலை சேர்த்தாள். "முதல் தடவை எல்லாருமே ரொம்ப நாள் வச்சுக்கிட்டு அழுதிருக்காங்க போல. இப்ப யாரும் வச்சுக்கறதில்ல. எல்லார் வீட்டுலயும் துணி இஸ்திரி போட்டுத் தயாரா இருக்கு."

"பத்து மாசம் ஆச்சே… உடம்பு…"

"இன்னும் சூடாத்தான் வர்றா."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"கடைசியா வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"இன்னிக்குப் பதினஞ்சு."

"…ஆறேழு நாப்பத்திரண்டு… ஏழேழு நாப்பத்தொம்போது…"

அடுத்ததில்தான் அவள் எப்போதும் தடுமாறுவாள். காத்திருந்தார்கள். இரண்டு பேரும். அவர் மனசுக்குள் எண்ணைச் சொல்லிக் கொடுத்தார். ஐம்பத்தாறு. சொல்லுடா. ஐம்பத்தாறு.

மாடியில் சத்தமில்லை.

"வாலு?" என்றார்.

விழுந்த சத்தம் இல்லை. நாற்காலி நகரவில்லை. மழை மட்டும்.

"வாலுக்குட்டி, எட்டேழு எவ்வளவுடா?"

படியின் மேல் திருப்பத்திலிருந்து ஒரு வாடை இறங்கி வந்தது. சூடான துணி வாசனையை விலக்கிக்கொண்டு. இன்னொரு வீட்டு சோப்பு. இன்னொரு வீட்டு அலமாரி.

மனைவி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். துணியை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். ஜன்னல் ஓரத்திலிருந்து சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்தாள். கண் கலங்கியிருந்தது, கை நடுங்கவில்லை. முதல் படியில் கால் வைத்தாள்.

"சீப்பு எதுக்கு?" என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிக்காமல், சுற்றி வளைக்காமல், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள்.

"போன தடவை வந்தப்போ யாரோ ஒருத்தி முகம் கழுவி, ரெட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தா. நாமளும் தலை வாரிதாங்க அனுப்பணும்."